அரணாக்கயிற்றில் ஒரு டோக்கன்

மலைச்சாமி அண்ணன் அந்த டோக்கனைக் கொண்டுபோய்த் தன் அரணாக்கயிற்றில் கட்டிக்கொள்வார் என்று வங்கிக்காரர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். நானும் நினைக்கவில்லை. பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொன்னேன். பிறந்ததிலிருந்து இடுப்பை விட்டு இறங்காத ஒரே பொருள் எதுவோ, அதைவிடப் பத்திரமான இடம் அவருக்குத் தெரியவில்லை.

"தண்ணி பட்டாக் கெட்டுப்போயிருமா ஹரி?"

"கெட்டுப்போயிரும்ணே."

மறுநாளிலிருந்து அதைப் பால் கவரில் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டுதான் குளித்தார். பாதுகாப்பு பற்றி நான் சொன்னதை யாராவது ஒருவர் சொன்னதற்கு மேலேயே கடைப்பிடித்தார் என்றால் அது அவர்தான். மற்றவர்களெல்லாம் மானிட்டரின் மேலேயே பாஸ்வேர்டை ஒட்டி வைக்கிறவர்கள்.

என் பெயர் ஹரிராம். காளவாசலில் கம்ப்யூட்டர் கடை. போர்டில் 'விற்பனை மற்றும் சர்வீஸ்' என்று இருக்கும். விற்பனை என்பது ஒரு நம்பிக்கை, அவ்வளவுதான். எங்கள் சௌராஷ்டிரச் சொந்தங்களில் ஜவுளி, சாயம், வக்கீல், ஆடிட்டர் என்று எல்லாம் உண்டு. அடுத்தவர் கீபோர்டிலிருந்து பக்கோடாத் தூள் தட்டிப் பிழைப்பவன் நான் ஒருவன்தான். அப்பா கடைசிவரை இதை ஒரு தொழிலாக ஒப்புக்கொள்ளவில்லை. விசேஷங்களில் யாராவது கேட்டால், "ஏதோ மெஷின் பார்க்கிறான்" என்பார்.

என் கடைக்கு எதிர்ச்சாரியில் மலையழகு மோட்டார்ஸ். ஆழ்குழாய்க் கிணற்றுக்கான மோட்டார், பம்பு, பழுது பார்ப்பது. செக்கானூரணி, உசிலம்பட்டிப் பக்கம் எந்தத் தோட்டத்தில் தண்ணீர் ஏறாவிட்டாலும் அங்கேதான் வந்து நிற்பார்கள். மலைச்சாமியும் அழகுபாண்டியும் பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள். ஆளுக்குப் பாதி பங்கு. என் கடைக்கு மாதம் தவறாமல் வேலை கொடுத்த ஒரே வாடிக்கையாளரும் அவர்கள்தான்.

2008இல் ஒருநாள் அழகுபாண்டி அண்ணனுக்கு வங்கியிலிருந்து வந்த மாதிரியே ஒரு மெயில் வந்தது. உங்கள் கணக்கைச் சரிபார்க்க வேண்டும், பாஸ்வேர்டைப் போடுங்கள் என்றது. மரியாதையாகக் கேட்டிருந்ததால் இவரும் மரியாதையாகப் போட்டுவிட்டார். பணம் கிளம்புகிற நேரத்தில் வங்கியில் எவரோ ஒரு புண்ணியவான் சந்தேகப்பட்டுப் போன் செய்ததால் தப்பியது. அதற்குப் பிறகுதான் வங்கி அந்த டோக்கனைக் கொடுத்தது. சாவிக்கொத்தில் மாட்டுகிற அளவு. சின்னத் திரையில் ஆறு இலக்கம் தெரியும். நிமிஷத்துக்கு ஒருதரம் மாறும். பாஸ்வேர்டோடு, அந்த நேரத்தில் திரையில் இருக்கும் எண்ணையும் போட்டால்தான் பணம் நகரும்.

இரண்டு பேரையும் உட்காரவைத்து வகுப்பெடுத்தேன்.

"பாஸ்வேர்டு அழகுபாண்டி அண்ணன் மண்டைக்குள்ள இருக்கட்டும். டப்பா மலைச்சாமி அண்ணன்கிட்ட இருக்கட்டும். ரெண்டும் ஒருத்தர்கிட்ட இருக்கவே கூடாது. இனிமே ஒரு திருடன் இந்தக் கடையில கைவைக்கணும்னா உங்க ரெண்டு பேரையும் சேத்துத் தூக்கணும்."

"என்னையத் தூக்கக் கிரேன் வேணுமேடா," என்றார் மலைச்சாமி அண்ணன். ஆள் அப்படி. மூன்று பேரும் சிரித்தோம்.

மாசி மாதம் ஒரு காலையில், கோச்சடையில் வீட்டு வாசலில் செருப்பு மாட்டக் குனிந்த மலைச்சாமி அண்ணன் நிமிரவில்லை. எமனுக்குக் கிரேன் தேவைப்படவில்லை.

குளிப்பாட்டும்போது சுற்றி வேட்டி பிடித்திருந்த ஆட்களில் நானும் ஒருவன். அவருடைய பங்காளிகளில் மூத்தவரான விருமாண்டி ஐயா, வழக்கப்படி அரணாக்கயிற்றை அறுத்தார். கயிற்றோடு பால் கவரும் வந்தது.

"என்னப்பா இது, தாயத்தா?"

"உடம்புல கெடந்தது உடம்போட போகட்டும்," என்று அவர் அதைப் பாடையில் போடப் போனார்.

"அய்யா, அது கடையோடது!" என்று அழகுபாண்டி அண்ணன் கத்தினார். அழுதுகொண்டிருந்த தொண்டையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது ஒருமாதிரி இருந்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்போதுதான் ஒச்சாயி அக்கா, மலைச்சாமி அண்ணனின் மனைவி, பெண்கள் கூட்டத்திலிருந்து எழுந்து வந்தார். வேட்டி மறைப்புக்குள் கையை நீட்டினார். விருமாண்டி ஐயா என்ன செய்வதென்று தெரியாமல் கொடுத்துவிட்டார். அக்கா அதை இடுப்பில் செருகிக்கொண்டு மறுபடி போய் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். அன்றைக்கு அந்தப் பெண்ணிடம் போய்க் கொடு என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. மலைச்சாமி அண்ணனுக்குப் பையன் கிடையாது. பசுமலையில் கல்லூரியில் படிக்கும் திவ்யா மட்டும்தான். கொள்ளி வைத்தது அழகுபாண்டி.

அந்த வாரமே அவர் மொட்டைத் தலையோடு என் கடைக்கு வந்தார். துக்கக்காரர் என்பதால் உட்காரவில்லை. நிலையில் கைவைத்து நின்றார்.

"மாப்ள, அந்த டப்பாவ மதினிகிட்ட கேட்டு வாங்கிட்டு வா."

"நீங்களே கேக்கலாமேண்ணே. உங்க வீடுதான."

"கொள்ளி வச்சவன் சாம்பல் ஆறுமுன்ன போயி டப்பாவக் குடுன்னு நின்னா ஊரு என்னய்யா பேசும்?"

"நான் கேட்டா மட்டும் பேசாதா?"

"உன்னைய யாரு ஆளா மதிக்கிறா. நீ கம்ப்யூட்டர்காரன்."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அண்ணன் செத்ததப் பேங்குல இன்னும் சொல்லல," என்றார் குரலைத் தாழ்த்தி. "சொன்னா கணக்க நிறுத்திருவான். வாரிசு பேப்பரு, கோர்ட்டு, அது இதுன்னு இழுப்பான். இப்பத்தான் கோடை ஆரம்பிக்குது. வருசத்துல ஓடுற ஓட்டமே இந்த நாலு மாசம்தான். கம்பெனிக்குப் பணம் போகலைன்னா மோட்டாரு வராது. காளைக்கும் மத்த மெக்கானிக்குகளுக்கும் சம்பளம் போடணும். ஒரே ஒரு தடவ, மாப்ள. ஒரு நம்பரு. பூராத்தையும் என் பேருல இருக்குற கணக்குக்கு மாத்திக்கிட்டா வேலை நிக்காது."

"அக்காவுக்கும் பிள்ளைக்கும்..."

"நான் இல்லையா? நான் செத்தா போயிட்டேன்?"

கண் நனைந்திருந்தது. கம்ப்யூட்டரைக் கீழே போட்டுவிட்டுத் 'தானா நின்னுபோச்சு' என்று சொல்கிறவர்களைத் தினம் பார்க்கிறேன். பொய் எனக்கு முகத்திலேயே தெரிந்துவிடும். அந்த முகத்தில் எனக்கு எதுவும் தெரியவில்லை.

வீட்டில் மனைவி சீதாலட்சுமியிடம் சொன்னேன். எங்கள் வீட்டுச் சௌராஷ்டிர பாஷையில் கோபமாகப் பேசினாலும் பாடுகிற மாதிரி இருக்கும். அதனால் அவள் திட்டுகிறாள் என்று எனக்குத் தாமதமாகத்தான் புரியும்.

"அவர் நல்லவராகவே இருக்கட்டும். நல்லவருக்கு எதற்கு இரண்டும்?" என்றாள்.

"அவசரம் அப்படி."

"அவசரம் என்று சொல்லி யாராவது கேட்டால் கொடுக்காதே என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர் நீங்கள்தானே?"

வகுப்பெடுக்கிறவனுக்கு வீட்டில் ஒரு மாணவி இருக்கக்கூடாது.

மறுநாள் கோச்சடைக்குப் போனேன். சாவு வீட்டில் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வியாதி. மலைச்சாமி அண்ணன் பால் கவர் சுற்றின கதையைத் தொடங்கினேன். திவ்யா எழுந்து உள்ளே போய்விட்டது. நான் பாதியில் நிறுத்தி, கொடுத்த தண்ணீரைக் குடித்தேன்.

ஒச்சாயி அக்கா இடுப்பிலிருந்து டோக்கனை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"இது மாறிக்கிட்டே இருக்கு தம்பி. கண்ணு மூட முடியாம இதையே பாத்துக்கிட்டுக் கெடக்கேன். அவுக மூச்சு நின்னுபோச்சு. இது நிக்க மாட்டேங்குது."

"பேட்டரிக்கா. வருசக்கணக்குல ஓடும்."

"அவுக போயிட்டது இதுக்குத் தெரியாதாக்கும்?"

"இதுக்கு எப்படிக்கா தெரியும். பேங்குல யாராச்சும் சொன்னாத்தான்..."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அக்கா என்னைப் பார்த்தார்.

"யாரும் சொல்லலையா?"

நான் டம்ளருக்குள் பார்த்தேன். தண்ணீர் தீர்ந்திருந்தது.

"அழகு சொல்லலையா தம்பி?"

"இல்லக்கா."

திவ்யா கதவோரத்தில் வந்து நின்றது. மறைப்பதற்கு மேற்கொண்டு எதுவும் இல்லை. அழகுபாண்டி அண்ணன் கேட்டனுப்பியதைச் சொன்னேன்.

"இதக் குடுத்தா என்னாகும்?"

"பாஸ்வேர்டு அவர்கிட்ட இருக்கு. இந்த நம்பரும் கிடைச்சா கடைப்பணம் பூராவும் அவர் கணக்குக்குப் போயிரும். அப்புறம் உங்க பாதிய அவரா குடுத்தாத்தான்."

"குடுக்கவும் குடுப்பான்ல?"

"குடுக்கலாம்க்கா."

"குடுக்கலைன்னா?"

"ஒண்ணும் பண்ண முடியாது."

"சரி. நான் இதக் குடுக்கல. பேங்குல போயிச் சொல்லிட்டேன். அப்ப?"

"பேப்பர் முடியுற வரைக்கும் கணக்கு நிக்கும். மாசக்கணக்காகும். கோடை போயிரும். கடை தாங்குமான்னு தெரியாது."

அக்கா டோக்கனை உள்ளங்கையில் புரட்டினார். "குடுத்தா நாங்க போறோம். குடுக்கலைன்னா கடை போகுது," என்றார். "நீ என்ன தம்பி சொல்ற? நீதான இதக் கொண்டாந்து மாட்டிவிட்ட?"

உலகத்தில் எல்லாவற்றுக்கும் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. அன்றைக்கு மட்டும், "யோசிங்கக்கா," என்றேன். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வெளியே வந்தேன்.

அழகுபாண்டி அண்ணனிடம் கருமாதிக்குப் பிறகு பேசலாம் என்று சொல்லிவைத்தேன். "அதுக்குள்ள கம்பெனிக்காரன் வேற ஆளப் பாத்துருவான்," என்றார். அதுவும் பொய்யில்லை. காளை என்கிற மூத்த மெக்கானிக் இரண்டு தடவை என் கடை வாசலில் வந்து, "அண்ணே, சம்பளம் எப்பன்னு எதுவும் சொன்னாரா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கருமாதியன்று வீட்டு முன்னால் பந்தல். நான் சமையல்காரர்களுக்குப் பக்கத்தில், கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கேள்வி கேட்பவர்கள் வராத இடம், சோறு முதலில் வருகிற இடம் என்று கணக்குப் போட்டு உட்கார்ந்தது.

உருமா கட்டுகிற நேரம் வந்தது. இறந்தவரின் பிள்ளைக்குத் தலையில் துணி கட்டி, இனி இந்த வீட்டுக்கு இவன்தான் என்று ஊர் முன்னால் சொல்வது. பிள்ளை இல்லாததால் பங்காளியான அழகுபாண்டிக்கு என்று எழுந்தார்கள். ஒச்சாயி அக்காவின் தம்பி மொக்கைச்சாமி குறுக்கே வந்தார்.

"எம் மருமக இங்க நிக்கிறாள்ல?"

"பொம்பளப் பிள்ளைக்கு உருமா கட்டுற வழக்கம் எங்கய்யா இருக்கு? உங்க ஊர்ல இருந்தாச் சொல்லு, பாத்துக்கிருவோம்," என்றார் விருமாண்டி ஐயா. சிலர் சிரித்தார்கள். மொக்கைச்சாமியைப் பிடித்து உட்காரவைத்தார்கள். அழகுபாண்டி அண்ணன் குனிந்தார். மொட்டைத் தலையில் துணியைச் சுற்றினார்கள். நிமிர்ந்தபோது தேம்பி அழுதார்.

"உருமாவோட கடைச் சாவியும் போகணும்ல," என்று விருமாண்டி ஐயா வீட்டுப் பக்கம் திரும்பினார். "தாயி, அந்த டப்பாவ எடுத்துக் குடு. செத்த உடம்புல கெடந்தது, வீட்டுல வச்சிருக்கப்படாது."

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "அது சாவிதானான்னு அந்தக் கம்ப்யூட்டர்த் தம்பியக் கேளுங்கய்யா."

பந்தல் முழுக்கத் திரும்பியது. சமையல்காரர்கூடக் கரண்டியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எழுந்தேன். ஒரு நகைச்சுவை சொல்லித் தப்பிக்கலாம் என்று தேடினேன். ஒன்றும் சிக்கவில்லை.

"அது பாதிச் சாவிங்கய்யா," என்றேன். "மிச்சப் பாதி அழகுபாண்டி அண்ணன்கிட்ட இருக்கு. ரெண்டும் ஒரே ஆள்கிட்ட இருக்கக்கூடாதுன்னுதான் கடையில முடிவு பண்ணது. அண்ணனும் இருந்தாரு, இவரும் இருந்தாரு. ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாங்க."

"அப்ப ரெண்டு பேரு இருந்தாங்க. இப்ப இவன்தானய்யா எல்லாம்?"

"இருக்கட்டுங்கய்யா. ஆனா ரெண்டையும் ஒருத்தர் வச்சிருந்தா அது பூட்டே இல்ல. யாரு அந்த இன்னொருத்தருன்னு பேங்குதான் கேட்டு எழுதணும்." அதோடு உட்கார்ந்திருக்கலாம். கால் உட்கார மறுத்தது. "அண்ணன் செத்தது பேங்குக்கு இன்னும் தெரியாது."

யாரோ, "சொல்லலையா?" என்றார்கள். இன்னொருவர், "ஏன் சொல்லல?" என்றார். கேள்வி பந்தலுக்குள் கைமாறிக் கைமாறி உருமாக் கட்டிய தலையிடம் போய் நின்றது.

"ஹரி," என்றார் அழகுபாண்டி. இத்தனை வருடத்தில் என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எப்போதும் மாப்ளதான்.

அக்கா வாசலுக்கு வந்தார். கூடவே திவ்யா. கணவனை இழந்தவள் அன்றைக்கு வெளியே வரக்கூடாது என்று பெண்கள் பின்னாலிருந்து சேலையைப் பிடித்தார்கள்.

"அழகு, நாளைக்குப் பேங்குக்குப் போறேன். அவுக போயிட்டாகன்னு சொல்லப்போறேன். நீயும் வா."

"சொன்னாக் கடை நின்னுரும் மதினி. உங்களுக்குப் புரியல. ஒரு வருசம் ஆனாலும் எந்திரிக்காது."

"புரியுது."

"நான் திருடிருவேன்னு நெனைக்கிறீகளா?"

அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று எல்லாரும் காத்திருந்தோம். அவர் சொல்லவில்லை. சோறு போட்டார்கள். நான் முதல் பந்தியில் உட்காரவில்லை. எந்தப் பந்தியிலும் உட்காரவில்லை.

வங்கியில் கணக்கை நிறுத்தினார்கள். அழகுபாண்டி சொன்னது அத்தனையும் நடந்தது. கம்பெனி வேறு கடைக்குச் சரக்கு கொடுத்தது. சித்திரை வெயிலில் விவசாயிகள் மலையழகு மோட்டார்ஸ் வாசலில் வண்டியை நிறுத்தி, பாதி இறங்கிய ஷட்டரைப் பார்த்துவிட்டு பைபாஸ் பக்கம் போனார்கள். மெக்கானிக்குகள் ஒவ்வொருவராக அதே பைபாஸ் கடைக்குப் போனார்கள். காளை கடைசியாகப் போனார். போகும்போது என்னிடம் சொல்லிவிட்டுப் போக வந்தார். "நீங்க சொன்னது சரின்னு சொல்றாக. தப்புன்னும் சொல்றாக. எனக்குப் பள்ளிக்கூடம் தெறக்குமுன்ன வேலை வேணும்ணே," என்றார். அழகுபாண்டி தினமும் கடைக்கு வந்து உட்கார்ந்திருப்பார். சாலையைக் கடக்கும்போது என் கடைப் பக்கம் திரும்ப மாட்டார்.

ஆடியில் பேப்பர்கள் வந்தன. ஒச்சாயி அக்கா பங்குதாரரானார். வங்கி பழைய டோக்கனை வாங்கிக்கொண்டு புதிதாக ஒன்று அக்கா பெயரில் கொடுத்தது. கணக்கு திறந்த அன்று அவர்கள் கடைக்கு என்னைக் கூப்பிட்டுவிட்டது திவ்யா. "மாமா, சிஸ்டம் ஸ்லோவா இருக்கு. வந்து பாருங்க. அம்மாதான் சொல்லச் சொன்னாங்க."

சிஸ்டத்தில் கோளாறு எதுவும் இல்லை. கம்ப்யூட்டர் முன்னால் அழகுபாண்டி உட்கார்ந்திருந்தார். அறையின் மறுமூலையில் அக்கா நாற்காலியில் இருந்தார். பந்தலுக்குப் பிறகு இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசவே இல்லை. பாஸ்வேர்டை அடித்தாகிவிட்டது. திரை எண்ணைக் கேட்டுக்கொண்டு நின்றது. அவர் கேட்கவில்லை. அவர் கேட்காமல் அக்கா சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் வங்கியின் பக்கம் தானாக மூடிக்கொண்டது. அவர் மறுபடி முதலிலிருந்து அடித்தார். மறுபடி அதே இடத்தில் வந்து நின்றது. நான் நடுவில் நின்று ஒரு வயரைத் துடைத்தேன். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"காளைக்கு," என்றார் அழகுபாண்டி, திரையைப் பார்த்தபடி. "திரும்பி வாறேன்னு சொல்லியிருக்காரு. விட்டுப்போன சம்பளம்."

"எந்த மாசத்துது?"

"மாசியோடது."

"அதுக்கப்புறம் அவரு அலைஞ்ச மாசத்துக்கு?"

"அப்ப வேலை பாக்கலையே மதினி."

"நம்மளாலதான பாக்கல. அதையும் சேத்துப் போடு."

அழகுபாண்டி போட்டிருந்த தொகையை அழித்துவிட்டு வேறு போட்டார். அக்கா டோக்கனைத் தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, ஒவ்வொரு இலக்கமாகச் சத்தமாகச் சொன்னார். பணம் போனது. அழகுபாண்டி எழுந்து, டீ குடித்துவிட்டு வருவதாக யாரிடம் என்றில்லாமல் சொல்லிவிட்டு வெளியே போனார்.

நான் பையை எடுத்தேன்.

"தம்பி," என்றார் அக்கா. "நான் அன்னைக்கு அந்த நம்பரக் குடுத்திருந்தா, அழகு எங்களக் கைவிட்டிருப்பானா?"

"தெரியலைக்கா."

"எனக்கும் தெரியல. குடுத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும். இனிமே தெரியவே போறதில்ல." அவர் வாசலைப் பார்த்தார். சாலைக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் அழகுபாண்டி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். "அவனுக்கும் அது தெரியும். தெனமும் காலையில இந்த மூஞ்சியில முழிச்சு, தெனமும் இந்த நம்பரக் கேக்கணும் அவன். அதான் தம்பி கஷ்டமா இருக்கு."

ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாமா என்று யோசித்தேன். பிறகு டீக்கடைக்குப் போய், அழகுபாண்டி அண்ணனுக்குப் பக்கத்தில் நின்று ஒரு டீ சொன்னேன். அவர் நகரவில்லை.